ஆறு வோல்ட் எங்கே போச்சு?

வயரைப் பார்த்துக் கொஞ்சங்கூடப் பயப்படாத ஆளை நான் தனியாக எந்த வேலைக்கும் அனுப்பியதில்லை. உங்களில் சிலருக்கு அது மனவருத்தம்தான். "செலின் மேடம் நம்மளை நம்பமாட்டேங்கிறாக" என்று டீக்கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. நான் நம்பாதது உங்களை இல்லை. "ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்கிறோமே, அந்த வார்த்தையைத்தான்.

இப்போது நான் ஓய்வு பெற்று காரைக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். போன வாரம் நம் வயரிங் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன் போட்டாள். சூப்பர்வைசர் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். "மேடம், இந்த ஓம் விதி, வோல்ட்டை ஆம்பியரால வகுக்கிறது, பெருக்கிறது எல்லாம் பரீட்சையோட சரிதானே? சைட்டுல யாரு கணக்குப் போடுறா?" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு நேமத்தான்பட்டி வீடு ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது. அதை அவளுக்கு மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அது வள்ளியம்மை ஆச்சி வீடு. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளமாகப் போகிற வீடு. முன்னால் பட்டாலை என்கிற பெரிய கூடம், அப்புறம் வளவு என்கிற திறந்த முற்றம், அதைச் சுற்றி அறைகள், அதையும் தாண்டினால் இரண்டாம் கட்டு. ஆச்சிக்கு அப்போது அறுபதுக்குப் பக்கம் வயது. அவர் கணவர் அண்ணாமலை அண்ணனுக்கு நுரையீரல் சுருங்கிப் போகிற வியாதி. இரண்டாம் கட்டில், சத்தம் வராத கடைசி அறையில் படுக்கை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் பகலும் இரவும் ஓடும். அதிலிருந்து வரும் குழாய் மூக்கில். அது இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் படைப்பு. முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். பங்காளிகள் எல்லாம் எங்கெங்கோ இருந்து வந்து இறங்கியிருந்தார்கள். மகன் கதிரேசன் சென்னையில் இருக்கிறவர். வருகிறவர்கள் வெயிலில் கஷ்டப்படக் கூடாது என்று இரண்டாம் கட்டு அறைகளில் புதிதாக ஏசி மாட்டியிருந்தார். யாரையோ வைத்து, முன்பே இருந்த லைனிலிருந்து இழுத்துக் கொடுத்திருந்தார்கள்.

கதிரேசன்தான் எனக்குப் போன் பண்ணியது. "மேடம், பின்கட்டுல வோல்டேஜ் கம்மியா இருக்கு. ஏசி குளிர மாட்டேங்குது. லைட்டு மங்குது. பெரிய ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, போதும்."

நான் வேறு ஒரு வேலையாக ஆத்தங்குடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கூட நம் வயர்மேன் மாரியப்பன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வீட்டில் கோழிக்குஞ்சைக்கூட அதட்டாதவர். ஏணியில் ஏறிவிட்டால் மட்டும் ஒரு பிடிவாதம் வந்துவிடும் அவருக்கு. "போற வழிதானே, ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிருவோம்" என்றேன். ஸ்டெபிலைசருக்கு அளவு எடுக்கிற வேலை. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்று நினைத்தேன்.

நாங்கள் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. சித்திரை வெயில். வளவில் கால் வைக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அறையில் சின்னப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்ததாக ஆச்சி சொன்னார்.

முகப்பில் இருந்த மெயின் போர்டில் வோல்ட் பார்த்தேன். இருநூற்று இருபத்தெட்டு. நல்ல வோல்டேஜ். பின்கட்டுக்குப் போகிற வயரில் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். முப்பது ஆம்பியர். அந்த வயருக்கும் பிரேக்கருக்கும் அது தாங்கக்கூடிய அளவுதான். அப்புறம் வளவைச் சுற்றி நடந்து, அண்ணாமலை அண்ணன் அறை வாசலில் இருந்த சின்ன போர்டில் பார்த்தேன். இருநூற்றுப் பதினாலு.

பதினாலு வோல்ட் வழியில் காணாமல் போயிருந்தது.

இது அதிசயம் இல்லை. நீளமான வயரில் கொஞ்சம் வோல்ட் குறையத்தான் செய்யும். வயர் என்ன கனம் என்று போர்டில் பார்த்திருந்தேன். எவ்வளவு நீளம் என்பது நடந்து வந்ததிலேயே தெரியும். அந்தக் கனத்துக்கு, அந்த நீளத்துக்கு, முப்பது ஆம்பியரில் எட்டு வோல்ட் குறையலாம். ஒன்பது என்றாலும் ஒத்துக்கொள்வேன். மிச்சம் ஆறு வோல்ட் எங்கே போச்சு?

கதிரேசன் பக்கத்திலேயே நின்றார். "ஆறு வோல்ட்டுதானே மேடம்? டார்ச் லைட்டுல கூட அதுதானே இருக்கு?"

அவர் கேட்டது தப்பில்லை. ஆறு வோல்ட் யாரையும் ஷாக் அடிக்காது. ஆனால் அந்த ஆறு வோல்ட்டோடு சேர்ந்து முப்பது ஆம்பியர் ஓடுகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். நூற்று எண்பது வாட். அவ்வளவு சூடு அந்த வீட்டுக்குள் எங்கேயோ இறங்கிக்கொண்டிருக்கிறது. ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் இருக்கிறதே, அது வெறும் இருபத்தைந்து வாட். அப்படி ஏழு அயர்னை ஒரே இடத்தில் குத்தி வைத்துவிட்டு, எந்த இடம் என்று மறந்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அதுவும் தலைக்கு மேலே முழுக்கப் பலகை. தேக்கு உத்தரம், தேக்குப் பலகை மச்சு. பல வருஷம் காய்ந்த மரம்.

அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு வந்த முதல் ஆசையை உங்களிடம் மறைக்க மாட்டேன். மீட்டர் தப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நான் முகப்பிலிருந்து பின்கட்டுக்கு நடந்து வந்த நேரத்தில் தெருவில் வோல்டேஜ் குறைந்திருக்கலாம் இல்லையா? அப்படி இருந்தால் ஆறு வோல்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. மாரியப்பனை இன்னொரு மீட்டரோடு முகப்புக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே ஒரே சமயத்தில் பார்த்தோம்.

"மாரியப்பன், இப்ப என்ன காட்டுது?"

"இருநூத்தி இருபத்தேழு மேடம். அங்குட்டு எவ்வளவு?"

இருநூற்றுப் பன்னிரண்டு.

பதினைந்து வோல்ட். முதலில் பதினாலு இருந்தது. ஆம்பியரில் மாற்றம் இல்லை. வயர் அதே வயர். நான் அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வோல்ட் கூடியிருந்தது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. ஆம்பியர் மாறாமல் வோல்ட் மட்டும் கூடினால், அந்த மறைந்த இடத்தில் மின்தடை கூடுகிறது என்று அர்த்தம். அதாவது செம்பு கறுத்துக்கொண்டு போகிறது. கறுக்கக் கறுக்கச் சூடு. சூடாகச் சூடாக இன்னும் கறுக்கும். அது எப்போது முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

இரண்டு எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கதிரேசன் பிரேக்கரைக் காட்டினார். "பிரேக்கர் விழலையே மேடம்? ஏதாவது கோளாறுன்னா விழுந்திருக்கணுமே? லீக்கேஜுக்கும் ஒண்ணு போட்டிருக்கோம். அதுவும் விழலை."

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படியுங்கள். பிரேக்கருக்கு ஆம்பியர் மட்டும்தான் தெரியும். அளவுக்கு மேல் ஓடினால் விழும். லீக்கேஜ் சுவிட்சுக்கு, போன கரண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்பது மட்டும்தான் தெரியும். நடுவில் ஒரு ஜாயிண்ட் தளர்ந்துபோய்க் கனன்றுகொண்டிருந்தால் இரண்டுக்குமே தெரியாது. ஏனென்றால் ஓடுகிற கரண்ட் சரியான அளவில் போய்ச் சரியான அளவில் திரும்பி வருகிறது. வீடு எரிகிற வரைக்கும் அந்த இரண்டும் ஒழுங்காக வேலை செய்துகொண்டே நிற்கும். ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் இன்னும் மோசம். அது முன்னாலிருந்து இன்னும் அதிகமாகக் கரண்டை இழுத்து, பின்னால் வோல்ட்டைத் தூக்கிக் காட்டும். லைட் பளிச்சென்று எரியும். எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

பின்கட்டுக் கரண்டை இறக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் கையும் அதற்குத்தான் போனது. போர்டில் வைத்த கை அப்படியே நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி புஸ். அண்ணாமலை அண்ணனின் மூச்சு அதே லைனில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆச்சி, இன்வெர்ட்டர் இருக்கா?"

"பேட்டரி போயிருச்சு செலின். மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"சிலிண்டர்?"

"சின்னது ஒண்ணு இருக்கு. காலையில அவருக்குத் திணறுச்சு, அதுக்கு எடுத்துட்டோம், தீரப்போகுது. திருப்பத்தூர்லேருந்து புது சிலிண்டர் சாயந்திரம் வண்டியில வருது." அவர் என் முகத்தையே பார்த்தார். "என்னத்துக்கு இதெல்லாம் கேக்குறீக?"

கரண்டை நிறுத்தினால் அவருக்கு மூச்சு நிற்கும். நிறுத்தாவிட்டால் அவர் தலைக்கு மேலேயோ, தூங்குகிற பிள்ளைகள் தலைக்கு மேலேயோ தீ பிடிக்கும். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றிலும் ஆக்சிஜன் ஊறிக் கிடக்கும். அங்கே ஒரு பொறி விழுந்தால், அதை அணைக்க நமக்கு நேரம் கிடைக்காது.

அப்போதுதான் கணக்கு கை கொடுத்தது. பயத்தில் மூளை நின்றுவிடும். ஆனால் பெருக்கல் தெரிந்த மூளை பழக்கத்தில் பெருக்கிக்கொண்டே இருக்கும். அந்த மெஷின் எவ்வளவு எடுக்கும்? ஒன்றரை ஆம்பியர். மிச்சமெல்லாம் ஏசி. கெட்டுப்போன இடத்தின் மின்தடை என்ன? ஆறை முப்பதால் வகுத்தால் புள்ளி இரண்டு ஓம். இப்போது ஏழு என்று வைத்துக்கொண்டாலும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெஷினை மட்டும் ஓட விட்டால், அந்த இடத்தில் விழுவது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதை ஒன்றரையால் பெருக்கினால் அரை வாட். சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரியுமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். நூற்று எண்பது வாட் அரை வாட் ஆகிவிடும். கரண்ட் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசி ஆகும் என்று பரீட்சைக்குப் படித்தோமே, அது அந்த வாசலில் எனக்கு உயிர்ப்பிச்சை மாதிரி வந்து நின்றது.

"கதிரேசன், எல்லா ஏசியையும் நிறுத்துங்க. இப்பவே. எல்லாரையும் எழுப்பி முன்கட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"மேடம், பெரியவுக எல்லாம் இப்பத்தான் கண்ணசந்திருக்காக. ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட்டா..."

"தம்பி, இந்த மச்சுக்குள்ள எங்கேயோ நெருப்பு இருக்கு. எங்கேன்னு எனக்குத் தெரியலை."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இன்னொரு பயம் வந்தது. புகை இல்லை. எனக்கு வாசனையும் தெரியவில்லை. ஒரு மீட்டரில் தெரிந்த ஆறு வோல்ட்டை வைத்துக்கொண்டு, படைப்புக்கு வந்த பங்காளிகள் அத்தனை பேரையும் தூக்கத்திலிருந்து எழுப்புகிறேன். ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் இந்த ஊர்ப் பக்கமே நான் தலைகாட்ட முடியாது. ஏசியை நிறுத்துவதற்கு முன்னால் நடுவில் ஒரு இடத்தில் வோல்ட் பார்த்தால், கோளாறு எந்தப் பக்கம் என்றாவது தெரியும். ஏசி இழுக்கிற லோடு இருக்கும்போதுதான் அது தெரியும். நிறுத்திவிட்டால் மீட்டர் ஒன்றும் காட்டாது. அந்த ஒரு அளவுக்காக இன்னும் சில நிமிஷம் ஓடவிடலாமா என்று மனசு கெஞ்சியது. வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இடம் தெரியாமல் போகட்டும், சூடு நிற்கட்டும் என்றேன். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். இன்னும் ஒரே ஒரு தகவல் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அந்தத் தகவலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

ஏசிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆம்பியர் ஒன்றரைக்கு இறங்கியது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தன. ஒரு பெரியவர், "என்னப்பா கூத்து இது?" என்று வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாரியப்பன் மச்சுக்கு அடியில் ஏணியை வைத்து, பலகை பலகையாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். அறைகளுக்கு வெளியே நடக்கிற ஆளோடி முழுக்கப் பார்த்தாயிற்று. பிள்ளைகள் படுத்திருந்த அறை பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. கடைசியில் அண்ணாமலை அண்ணன் அறைக்குள் ஏணியைக் கொண்டுபோனோம். அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே மாரியப்பன் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"மேடம்." அவர் உள்ளங்கையை ஊதிக்கொண்டார். "இங்குட்டு சுடுது. தோசைக்கல்லு மாதிரி சுடுது."

நான் ஏறித் தொட்டுப் பார்த்தேன். கரண்ட் குறைந்து இவ்வளவு நேரம் ஆகியும் பலகை சுட்டது. அது எதைக் காட்டுகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். இப்போது அங்கே சூடு வயரிலிருந்து வரவில்லை. மரம் தானாகவே கனல ஆரம்பித்துவிட்டது. அதற்கு இனி கரண்ட் தேவையில்லை. பலகையைத் திறந்தால் காற்றுப் புகுந்து பிடித்துக்கொள்ளும். திறக்காவிட்டால் மெதுவாகத் தானாகவே வெளியே வரும். கீழே கட்டில். கட்டிலில் அவர். மூக்கில் ஆக்சிஜன்.

"ஆச்சி, அண்ணனை முன்கட்டுக்குக் கொண்டு போயிரணும்."

"முடியாது செலின். நாலடி நகர்ந்தாலே உதடு நீலம் பாரிச்சுப் போகுது. டாக்டர் அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக."

"இங்க இருக்கக் கூடாது ஆச்சி."

ஆச்சி மச்சை நிமிர்ந்து பார்த்தார். கணவரைப் பார்த்தார். அவர் என்னிடம் காரணம் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூலையில் இருந்த சின்ன சிலிண்டரை எடுத்துக் கட்டிலில் வைத்தார். முள் சிவப்புக் கோட்டில் நின்றது. "இது எவ்வளவு நேரம் வரும்னு எனக்குத் தெரியாது. எடுத்தா நிக்காமப் போகணும்" என்றார்.

முன்கட்டில் லைன் வேறு. அங்கே கரண்டுக்குப் பயமில்லை. கதிரேசன் மெஷினைக் கழற்றி முன்னால் கொண்டுபோய் மாட்டி ஓடவிட்டுத் தயாராக வைக்க வேண்டும். அது வரைக்கும் சிலிண்டர் தாங்க வேண்டும். குழாயை மாற்றினார் ஆச்சி. மெஷின் நின்றது. அந்தப் புஸ் சத்தம் இல்லாமல் அறை பயங்கரமாக இருந்தது. கதிரேசன் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாரியப்பனும், சத்தம் போட்ட அந்தப் பெரியவரும் அண்ணனைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஆச்சி சிலிண்டரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் முன்னால் போனேன்.

அந்த வளவு அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வழியில் சிலிண்டரில் சத்தம் குறைந்தது. அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அப்பச்சி, இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்" என்று கதிரேசன் பட்டாலையிலிருந்து அப்பாவைப் பார்த்து அழுகிற குரலில் கத்தினார். அண்ணன் உதட்டை நான் பார்த்தேன். ஆச்சி சொன்ன அதே நீலம். எனக்கு வந்த எண்ணத்தை அப்படியே சொல்கிறேன். கணக்குத் தப்பாகப் போய், பலகைக்கு மேலே வெறும் வெயில் சூடு மட்டும் இருந்தால், இந்த மனுஷனை நான்தான் கொன்றேன்.

பட்டாலையில் இறக்கி, குழாயை மாட்டியதும் மெஷின் மறுபடி புஸ்ஸென்று சத்தம் போட்டது. ஆச்சி அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

நாங்கள் அங்கே நிற்கவில்லை. பின்கட்டு லைனை முழுக்க இறக்கினேன். இறக்கியதை மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் வாளிகள், நனைத்த சாக்கு, கடப்பாரை. கட்டிலையும் மெத்தையையும் வெளியே இழுத்துப் போட்டோம். ஜன்னல்களைத் திறந்து, அறையில் தேங்கியிருந்த ஆக்சிஜன் கலைந்து போகட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் மாரியப்பன் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க வாசல்ல நில்லுங்க" என்றார். "ஏணியை யாரு பிடிக்கிறது?" என்றேன்.

அவர் கடப்பாரையைச் சொருகி நெம்பினார். பலகை விலகியது. உள்ளே கறுப்பு. ஒரு வினாடிதான். காற்றுப் பட்டதும் அந்தக் கறுப்புக்குள் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. ஓடி, பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். நாக்கு மாதிரி ஒரு தீ கீழே இறங்கி மாரியப்பன் முகத்துக்கு நேரே வந்தது. அவர் இறங்கவில்லை. நனைந்த சாக்கை அதற்குள் திணித்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்றார். வாளி வாளியாக எடுத்துக் கொடுத்தோம். சாம்பலும் கரியும் தண்ணீருமாக எங்கள் தலையில் ஊற்றியது. அணைந்த பிறகு பார்த்தால் அவருடைய ஒரு பக்கப் புருவம் இல்லை. மச்சுக்கு மேலே ஒரு தாம்பாளம் அளவுக்குக் கரிந்து ஓட்டை விழுந்திருந்தது. உத்தரத்தின் பக்கவாட்டு வரைக்கும் போயிருந்தது.

அந்த ஓட்டைக்குள் வயர் கிடைத்தது. ஏசிக்காக லைனை நீட்டியவர் இரண்டு வயரை வெறுமனே முறுக்கி, டேப்பைச் சுற்றி, பலகைக்கு மேலே தள்ளிவிட்டிருந்தார். ஒரு பெட்டி இல்லை, கனெக்டர் இல்லை. டேப் உருகி ஓடிப் போயிருந்தது. செம்பு கரிக்கட்டை மாதிரி இருந்தது. விரலால் தொட்டதும் ஒடிந்தது.

மாரியப்பனுக்கு மருந்து போட அனுப்பிவிட்டு நான் பட்டாலைக்கு வந்தேன். ஆச்சி ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அண்ணாமலை அண்ணன் கையை அசைத்துக் கூப்பிட்டார். குனிந்து கேட்டேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நேத்துலேருந்து... மரம் கருகுற வாசம் வருதுன்னு... சொன்னேன்மா. மருந்து வாசம்னு சொல்லிட்டாக."

ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டார். கதிரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறவர் சொல்வதை யார்தான் எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் அந்த மனுஷன் ஒரு ராத்திரி முழுக்க, தனக்கு நேர் மேலே என்னவோ எரிகிறது என்று தெரிந்தே, எழுந்து ஓட முடியாமல், மச்சைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஏணி வைத்தபோது அவர் ஏன் கண்ணைத் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது. என்னுடைய பயமெல்லாம் மத்தியானத்தில் தொடங்கிய பயம். அவருடையது முந்தின நாளே தொடங்கியது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் அங்கே இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்பேன். ஏதாவது வாசம் வந்ததா, சத்தம் வந்ததா, லைட் சிமிட்டியதா. படுத்த படுக்கையாக இருக்கிறவர் இருந்தால் அவரிடம் முதலில் கேட்பேன். அதற்கப்புறம் இரண்டு முனையிலும் வோல்ட், நடுவில் ஆம்பியர். கழித்துப் பாருங்கள். வயருக்கு உரியதை விட்டுவிட்டு மிச்சத்தை ஆம்பியரால் பெருக்குங்கள். வருகிற வாட்டை ஒரு அடுப்பாக மனசில் நினைத்துப் பார்த்து, அந்த அடுப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பயப்படுங்கள். அந்தப் பயத்தை வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். தூங்குகிறவர்கள் எழுந்து நம்மைத் திட்டட்டும், பரவாயில்லை.

அந்த வீட்டில் பின்கட்டு வயரிங் முழுக்க மாற்றினோம். அண்ணாமலை அண்ணனை மறுபடி பின்னால் கொண்டுபோகவில்லை. பட்டாலைக்குப் பக்கத்து அறையில், தெருச் சத்தம் கேட்கிற இடத்தில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். நான் போகும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டுவார். அடுத்த மழைக்காலத்துக்கு அப்புறம் வியாதி முற்றிவிட்டது.

ஒரு நாள் காலையில் ஆச்சி போன் பண்ணினார். நான் ஹலோ என்றதும் "செலின்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. "எப்ப ஆச்சி?" என்றேன்.

"விடியறப்ப. தூக்கத்துலேயே போயிட்டாரு." அப்புறம் என்னைத் தேற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "மூச்சு நின்னுதான் செலின் போனாரு. நெருப்பு, பயம்னு வேற எதுனாலயும் இல்லை."